ஆயுத பூஜைக்குத் துடைத்த பெட்டி

ஆயுத பூஜை நெருங்கிவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு பொருளையும் நம்பி வெளியே வைக்க முடியாது. என் வீட்டுக்காரர் லேத் பட்டறை நடத்துகிறவர். கணபதி ஏரியாவில், வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. லேத், டிரில்லிங் மிஷின், வெர்னியர், ஸ்பானர் என்று ஒவ்வொன்றாகப் பனியன் வேஸ்ட்டுத் துணியும் மண்ணெண்ணெயும் வைத்துத் துடைப்பார். பட்டறை முடிந்த பிறகும் கை நிற்காது. வீட்டுக்குள் வந்து மிக்ஸி, கிரைண்டர், தையல் மிஷின் எல்லாவற்றையும் பின்வாசல் வழியாக அள்ளிக்கொண்டு போவார். அவை கம்ப்ரஸர் காற்றில் ஒரு குளியல் போட்டுவிட்டுச் சந்தனப் பொட்டோடு திரும்பி வரும். ஒரு வருஷம் என் இட்லிக் குண்டாவுக்கும் பொட்டு வைத்துவிட்டார். "இதென்னங்க, இதும் ஆயுதமா?" என்று கேட்டேன். "இத வச்சுத்தான அம்மணி எங்களையெல்லாம் அடக்கி வச்சிருக்கற" என்றார். அப்போது அவருக்குக் குரல் இருந்தது.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. குரல்பெட்டியையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள், எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது, அந்த மட்டுக்கும் சாமி புண்ணியம். இப்போது கழுத்தின் கீழே ஒரு துளை இருக்கிறது, மூச்சு அந்த வழியாகத்தான். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று அந்தத் துளையை அவரே சுத்தம் செய்துகொள்வார். லேத் ஓடும்போதே தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி பேசின மனுஷன், சட்டைப்பையில் ஒரு சாக்பீஸ் வைத்துக்கொண்டு இரும்புத் தகட்டிலும் தரையிலும் எழுதிக் காட்ட ஆரம்பித்தார். கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவை அதை வைத்துப் பேசிப் பார்த்துவிட்டு, 'பேரிங் போன மோட்டார் சத்தம்' என்று எழுதி பீரோவுக்குள் போட்டுவிட்டார். போன் அடித்தால் எடுக்க மாட்டார். சொந்தக்காரர்கள் வந்தால் பட்டறைக்குள் போய் நின்றுகொள்வார்.

இந்த நிலைமையில்தான் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒரு வழி சொன்னாள். அவருடைய பழைய குரல் பின்னால் இரைச்சல் இல்லாமல் பதிவாகி இருந்தால், அதைக் கொண்டு போனையே அவர் குரலில் பேச வைக்கலாமாம். இவர் எழுத்தைத் தட்டினால் போதும், அது பேசும். "வீட்ல அப்படி ஏதாவது பதிவு இருக்குங்களா?" என்று கேட்டாள்.

இருக்கிறதா என்றா கேட்கிறாய், என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். நான் பல வருஷம் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவள். ஒரு போட்டோவைக்கூட அழிக்க மனசு வராது. அதற்காகவே ஹாலில் டிவிக்குக் கீழே ஒரு சர்வர் பெட்டி வைத்திருக்கிறேன். வீட்டு நெட்டில் இணைத்த பெட்டி, உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். சினிமா, பாட்டு, குடும்ப வீடியோ எல்லாம் அதற்குள்தான். நாங்கள் டிவியில் பார்ப்போம், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அங்கிருந்தே போனில் பார்ப்பாள். அதில் 'அப்பா' என்று ஒரு போல்டர் உண்டு. மகள் கல்லூரி விடுதிக்குப் போன புதிதில் அழுதுகொண்டே இருந்தாள். அப்போது அவர் தினமும் சாயங்காலம் வாட்சப்பில் பேசி அனுப்புவார். மழை பெய்தது, பூனை குட்டி போட்டது என்று வளவளவென்று பேச்சு. அவள் போனை மாற்றியபோது, கெட்டுப்போய்விடக் கூடாதே என்று அத்தனையையும் பெட்டிக்குள் ஏற்றி வைத்திருந்தேன். மகள் குரலும் இல்லாமல், மேளமும் இல்லாமல், அவர் குரல் மட்டும்.

பூஜை விடுமுறை கழிந்ததும் எடுத்துவரச் சொன்னாள் அந்தப் பெண். சரி என்று வந்தோம். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் பார்த்தேன்.

பூஜை அன்று காலையில் நான் பூ மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் ஹாலில் டிவிக்குக் கீழே காலியாக இருக்கிறது. பட்டறைக்கு ஓடினேன். லேத்துக்குப் பக்கத்தில் தலைவாழை இலை. அதன்மேல் பெட்டி, பக்கத்தில் அதன் இரண்டு டிஸ்க்குகள். மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. அது பெட்டியில் இருப்பதற்கெல்லாம் பேக்கப்பாக நான் பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்த டிஸ்க். அதன் உறையின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, உள்ளிருப்பதை எடுத்து வைத்திருந்தார். ஸ்க்ரூவைக் கண்டால் கழற்றாமல் விடுகிற ஆள் இல்லை அவர். மூன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு செவ்வந்திப் பூ.

"ஏனுங்க, பீரோவுல இருந்தத எதுக்குங்க எடுத்தீங்க?" என்றேன்.

லேத் தகட்டில் எழுதினார்: 'ஒரே மாதிரி சாமானெல்லாம் ஒரே எலையில இருக்கோணும்.'

பேக்கப் என்பதன் முதல் பாடமே நகலையும் மூலத்தையும் ஒரே இடத்தில் வைக்காதே என்பதுதான். பிள்ளைகளுக்கு எத்தனை தடவை நடத்தியிருப்பேன்! ஆயுத பூஜையோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடுகிறது. நல்ல நாளில் வாயைத் திறக்க வேண்டாம் என்று பேசாமல் சூடத்தைக் கொளுத்தினேன்.

விஜயதசமி அன்று எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி ஸ்விட்ச் போட்டேன். பெட்டிக்குள் டக், டக், டக் என்று சத்தம். பச்சை விளக்கு வர வேண்டிய இடத்தில் சிவப்பு. மூன்றாவது டிஸ்க்கை என் லேப்டாப்பில் மாட்டினேன், அதிலும் அதே டக், டக்.

"என்ன பண்ணுனீங்க? உள்ளதச் சொல்லுங்க" என்றேன். கம்ப்ரஸர் காற்றடிக்கிற துப்பாக்கியைக் கொண்டுவந்து காட்டினார். பிறகு டிஸ்க்கின் மேல் ஓர் இடத்தை விரலால் தொட்டார். கடுகளவு துளை. எந்த டிஸ்க்கிலும் அது இருக்கும், காற்று போய்வர விட்ட துளை. 'இதை மூடாதே' என்று பக்கத்திலேயே ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். அந்தத் துளைக்குள் துப்பாக்கி முனையை வைத்து நேராக அடித்திருக்கிறார். ஐப்பசி மழை ஈரத்தில் கம்ப்ரஸர் தொட்டியில் தண்ணீர் நின்றிருந்திருக்கிறது. காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து மூன்று டிஸ்க்குக்குள்ளும் போயிருக்கிறது.

கத்தினேன். பட்டறை ஆட்கள் வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "நாசமாப் போச்சுங்க! உங்க குரல நீங்களே காத்தடிச்சு விரட்டிப்போட்டீங்க! தொட்டதையெல்லாம் கழட்டாட்டி உங்களுக்குத் தூக்கமே வராதா? நான் ஒரு பைத்தியக்காரி, பீரோவுல வச்சுப் பூட்டுனேன் பாருங்க!" பதிலுக்குக் கத்த அவருக்குக் குரல் இல்லை என்பது தெரியும், தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அவர் மெதுவாகக் குந்தி உட்கார்ந்து சிமெண்டுத் தரையில் எழுதினார்.

'மூச்சு விடற ஓட்டை. தூசி அடைச்சிருந்துச்சு. அடைச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.'

அதைப் படித்ததும் நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. என் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தேன், பிறகு என் முகத்தை. பட்டறை ஆட்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

காந்திபுரத்தில் ஹார்ட் டிஸ்க் சரிசெய்கிற கடைக்கு மூன்றையும் எடுத்துப்போனேன். கடைக்காரர் சந்தனப் பொட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "உள்ள ஈரம் போயிருக்குங்க அக்கா. ஆசை காட்ட மாட்டேனுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அவருடைய பழைய போன் எப்போதோ போய்விட்டது, அதனால் மகளுக்குப் போன் செய்தேன். "எங்கிட்ட ஒண்ணுமே இல்லீங்மா, எல்லாம் பெட்டியில இருக்குதுன்னு நானும் அழிச்சுப்போட்டேன்" என்று அழுதாள். கல்யாண வீடியோக்கள் சொந்தக்காரர்களிடம் இருந்தன. அதிலெல்லாம் அவர் வாய் அசைகிறது, கேட்பது நாதஸ்வரம்தான்.

ஆனால் நான் கம்ப்யூட்டர் டீச்சர் அல்லவா! இன்னொரு நகல் ஊருக்கு வெளியே இருந்தது. என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, பெருந்துறையில் இருக்கிறார். பழைய சிறிய பெட்டி ஒன்றை அவர் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் எப்போதோ வைத்துவிட்டு வந்திருந்தேன். எங்கள் பெட்டி தன்னிடம் இருப்பதையெல்லாம் நெட் வழியாக அந்தப் பெட்டிக்குத் தினமும் அனுப்பிவிடும். அவரும் எங்கள் குடும்ப வீடியோக்களைத் தன் டிவியில் போட்டுப் பார்ப்பார். ஆபரேஷன் அலைச்சலில் அந்தப் பக்கமே நான் கவனிக்கவில்லை. என்றாலும் அங்கே இருக்கும் என்ற தைரியத்தில் புதுப் பெட்டியும் டிஸ்க்கும் வாங்கிவந்தேன். பழைய பெட்டியின் அமைப்புகளை முன்பே ஒரு பைலாகச் சேமித்து எனக்கு நானே மெயில் அனுப்பி வைத்திருந்தேன். அதை ஏற்றியதும் போல்டர் பெயர்கள், பயனர் பெயர்கள், தானாக நடக்கிற தினசரி வேலைகள் எல்லாம் பழையபடி வந்து நின்றன. போல்டர்களுக்குள் மட்டும் ஒன்றுமில்லை. பெருந்துறையிலிருந்து இழுத்து நிரப்ப வேண்டியதுதான் பாக்கி. கெட்டிக்காரிதான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு ஒரு காப்பி போட்டுக் குடித்தேன்.

வந்து பார்த்தால் திரையில் சிவப்பு எழுத்து: 'பெருந்துறைப் பெட்டியைத் தொடர்புகொள்ள முடியவில்லை. மீண்டும் மீண்டும் முயல்கிறது.'

எரிச்சலாக வந்தது. காப்பி டம்ளரை அடுப்படியில் வைக்கப் போனபடியே நாத்தனாருக்குப் போன் போட்டேன். "ஏனுங் நங்கையா, டிவிகிட்ட ஒரு பெட்டி வச்சனுங்களே, அது ஓடுதுங்களா?"

தயங்கித் தயங்கிச் சொன்னார். "அத நான் அப்பவே புடுங்கி வச்சுப்போட்டேன் அம்மணி. தப்பாப் போச்சா? இரு, இப்பவே போட்டுட்டு வாரேன்." போனை மேஜைமேல் வைக்கிற சத்தம் கேட்டது. அவர் நடந்துபோகிற சத்தமும் கேட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெருந்துறைக்கு அனுப்ப நான் அமைத்திருந்த அந்தத் தினசரி வேலை கண்ணாடி மாதிரி. எங்கள் பெட்டியில் என்ன இருக்கிறதோ அதுதான் பெருந்துறையிலும் இருக்கும். இங்கே இல்லாத ஒன்று அங்கே இருந்தால் அழித்துவிடும். இங்கேயோ இப்போது ஒன்றுமே இல்லை. அமைப்புகளோடு அந்த வேலையையும் சேர்த்து நானே உயிர்ப்பித்து வைத்திருக்கிறேன், அது இடைவிடாமல் பெருந்துறைக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. நாத்தனார் அங்கே ஸ்விட்ச் போட்டால் கதவு திறந்துவிடும். கடைசி நகலும் துடைத்துவிட்டாற்போல் போய்விடும்.

"நங்கையா! போடாதீங்க! ஸ்விட்ச் போட்டுப்போடாதீங்க!" என்று கத்துகிறேன், கேட்க ஆளில்லாத போனில். கம்ப்யூட்டர் டீச்சருக்கு அந்த நேரத்தில் கத்துவதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. அடுப்படியில் நின்றபடி "போடாதீங்க, எல்லாம் அழிஞ்சிரும்!" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வாசலில் கை கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், என்னைத் தாண்டி ஹாலுக்கு ஓடினார். புதுப் பெட்டியின் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பு. நெட் ஒயர், கரண்ட் ஒயர், பக்கத்திலிருந்த டிவியின் ஒயர்கூட, எல்லாம் கையோடு வந்துவிட்டது. பெட்டியில் மினுக்கிய விளக்கெல்லாம் அணைந்தது. ஒயர்க் கத்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, சரியா என்பது போல என்னைப் பார்த்தார்.

"சரிங்க" என்றேன். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "நல்லாப் புடுங்குனீங்க சாமி."

நாத்தனார் போனுக்குத் திரும்பி வந்து ஸ்விட்ச் போட்டாயிற்று என்றதும், அதை மறுபடி பிடுங்கி வைக்கச் சொல்லிவிட்டு அன்றைக்கே பெருந்துறைக்குக் கிளம்பிவிட்டோம். காரை நான்தான் ஓட்டினேன். அவிநாசி தாண்டி, செங்கப்பள்ளி தாண்டிப் போகும்வரை எனக்கு ஒரே யோசனை. இவர் ஒயரைப் பிடுங்குவதற்கு முன்னால் அந்தப் பெட்டி எழுந்திருந்தால்? பாதி அழித்திருந்தால்? அவர் மடியில் கைகளைக் கட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் அவர் முகம் கோணிவிட்டது. "கரண்டு செலவாகுதுன்னு நான் புடுங்கல அம்மணி. சத்தியமா இல்ல" என்றார். "ஆப்பரேசனுக்குப் பொறவு ஒரு நாள் டிவியில அந்த வீட்டு வீடியோவப் போட்டனா, இவன் 'அக்கா, அக்கா'ன்னு சிரிச்சுப் பேசறான். என்னால தாங்க முடியல. இனி இந்தக் குரலக் கேக்க மாட்டமேன்னு புடுங்கி, துணி சுத்தி, பீரோவுல வச்சுப்போட்டேன். உன்கிட்டச் சொல்லவும் வாய் வரல." இவர் போய் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அம்மாள் தாங்க முடியாமல் பிடுங்கி வைத்ததால்தான் அது பிழைத்திருக்கிறது. என்னை நானே மெச்சிக்கொண்டு காப்பி குடித்த நேரத்தில் பெருந்துறைப் பெட்டி மட்டும் விழித்திருந்தால், காப்பி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இதை அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல், "நீங்க புடுங்குனதே நல்லதுங்க நங்கையா, நீங்கதான் காப்பாத்துனீங்க" என்றேன். அவர் நம்பவில்லை, நான் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இந்தத் தடவை நெட் ஒயர் பக்கமே போகவில்லை. முதல் வேலையாக அந்தக் கண்ணாடி வேலையை அழித்தேன். பிறகு இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதிலிருந்து இதற்கு மட்டும் போகிற மாதிரி நகலெடுக்க விட்டேன். திரையில் பச்சைக் கோடு எறும்பு ஊர்கிற மாதிரி நகர்ந்தது. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். லேத்தில் ஜாப் ஓடும்போது உட்கார்ந்திருப்பாரே, அதே மாதிரி.

'அப்பா' போல்டர் வந்து சேர்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பதிவைத் தட்டினேன்.

"கண்ணு, சாப்டியா? இன்னிக்கு உங்கம்மா ரசத்துல உப்புப் போட மறந்துட்டா. நான் வாயத் தொறக்கல. போன வாரம் சொன்னதுக்கே ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா. நீ சொல்லிப்போடாத, என்ன?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். அடுத்த பதிவைப் போட்டேன், அதிலும் என் சாம்பார்தான். இத்தனை வருஷமாக மகளிடம் தினமும் என் சமையலைப் பற்றிக் குறை சொல்லியிருக்கிறார் மனுஷன், அதை நானே பத்திரமாக நாலு இடத்தில் நகலெடுத்து வைத்திருக்கிறேன்! "இருக்கட்டும், பேச்சு வரட்டும், அப்பறம் பாத்துக்கறேன்" என்றேன். அவர் தோள் குலுங்கியது. சத்தமில்லாமல் சிரிக்கிறார் என்று நினைத்தேன். பார்த்தால் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சிரித்துக்கொண்டும்தான் இருந்தார். தன் குரலை அவர் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் பிறகு எதையும் நிறுத்தவில்லை, ஒன்று முடிய ஒன்று ஓடவிட்டேன்.

ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் பதிவுகளைக் கொடுத்தோம். சில வாரம் கழித்து அவள் கூப்பிட்டு, அவர் போனில் அதை ஏற்றித் தந்தாள். முழுக்க முழுக்க அவர் குரல் என்று சொல்ல மாட்டேன். சில வார்த்தை தட்டையாக வரும், கோபம் வராது. ஆனால் அவர்தான். யார் கேட்டாலும் அவர்தான் என்று தெரியும்.

வீட்டுக்குக்கூட வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் உட்கார்ந்தபடியே அவர் என் போனை வாங்கிப் பெருந்துறைக்குப் போட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவராக யாருக்கும் போன் போட்டது அதுதான் முதல் தடவை. ஸ்பீக்கரில் போட்டு டேஷ்போர்டின் மேல் வைத்தார். அக்கா எடுத்ததும் தன் போனில் எழுதி வைத்திருந்ததைத் தட்டினார்.

"அக்கா, நாந்தான் பேசறேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. பிறகு நாத்தனாரின் குரல் வந்தது, உடைந்துபோய், ஆனால் தினமும் பேசுகிற ஆளிடம் கேட்கிற மாதிரியே.

"சாப்டியா கண்ணு?"

அவர் தட்ட ஆரம்பித்தார். விரல் தடிமன், எழுத்து தப்பித் தப்பி விழுகிறது, அழித்து அழித்துத் தட்டுகிறார். நான் உதவிக்குக் கை நீட்டினேன், தள்ளிவிட்டார். அக்கா அந்தப் பக்கம் காத்திருந்தார்.

"இன்னும் இல்லீங்க்கா. அங்கதான் வாரோம். எலை போட்டு வைங்க."